சம்பளம் நகராத வேலை: தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியர்கள்

2007-இல் சியோலின் தனிப்பயிற்சிப் பள்ளிகள் ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டு ஆள் தேடி விளம்பரம் செய்தபோது சம்பளம் மாதம் 20 முதல் 22 லட்சம் வொன் என்றிருந்தது. இன்று வரும் விளம்பரங்களில் 23, 24 லட்சம் என்கிறார்கள். தாராளமான இடமென்றால் 26, 27. இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டு விலைவாசி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிட்டது. பிள்ளைகளின் தனிப்பயிற்சிக்காகக் கொரியப் பெற்றோர் செய்யும் செலவு 2007-இல் ஆண்டுக்கு 20 லட்சம் கோடி வொன். 2024-இல் 29 லட்சம் கோடி. அதில் வேறெந்தப் பாடத்தையும்விட ஆங்கிலத்துக்கே அதிகம் போகிறது. ஆங்கிலத்தின் மேல் இவ்வளவு பணம் கொட்டும் நாட்டில், அதைக் கற்பிப்பவரின் சம்பளம் மட்டும் ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறது?

ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே அயல்நாட்டில் வாழலாம் என்று கிளம்புகிற இளைஞர்களுக்கு உலகில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஸ்பெயின் அரசின் துணை ஆசிரியர் திட்டம் நெடுங்காலம் மாதம் 700 யூரோதான் கொடுத்தது. வாடகையும் சாப்பாடும் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது, போகிறவர்களும் மிச்சம் பிடிக்கப் போவதில்லை. ஜப்பானில் சம்பளம் பரவாயில்லை. ஆனால் வீடு பிடிக்க முன்பணம் போதாதென்று, வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத அன்பளிப்புத் தொகை ஒன்றையும் கொடுக்கவேண்டிய வழக்கம் அங்கே உண்டு. இந்த வரிசையில் கொரியாவுக்கு ஒரு தனிப்பெயர் இருந்தது. அங்கே போனால் மிச்சம் பிடிக்கலாம். மாதம் ஆயிரம் டாலர் ஊருக்கு அனுப்பலாம். கல்விக்கடனோடு பட்டம் வாங்கி வெளியே வந்த அமெரிக்கர்களும் கனடியர்களும் தென்னாப்பிரிக்கர்களும் இருபது ஆண்டுகளாக இந்தப் பேச்சை நம்பியே விமானம் ஏறினார்கள். ஒருகாலத்தில் அது உண்மையாகவும் இருந்தது.

கொரியாவுக்கு ஆங்கில ஆசிரியர் வருவது புதிதல்ல. மன்னர் கோஜோங் 1886-இல் மேட்டுக்குடிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அரசுப் பள்ளிக்கு ஹோமர் ஹல்பர்ட், ஜார்ஜ் கில்மோர், டால்செல் பங்கர் என்று மூன்று அமெரிக்கர்கள் வந்து சேர்ந்தார்கள். கில்மோர் 1889-இலும் ஹல்பர்ட் 1891-இலும் விலகினார்கள். 1894-இல் பள்ளியே மூடப்பட்டது. கொரியப் போர் முடிந்து நாடு வறுமையில் கிடந்த காலத்தில் வந்தவர்கள் வேறு வகை. அமெரிக்காவின் அமைதிப் படை 1966 முதல் 1981 வரை அனுப்பிய ஏறத்தாழ 2000 தொண்டர்களில் பலர் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தார்கள். உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, கைச்செலவுக்கு வந்த சிறு தொகையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1970-களின் நடுவில் யேசான் என்ற சிற்றூரில் அப்படிக் கற்பித்த கேத்லீன் ஸ்டீவன்ஸ் 2008-இல் அமெரிக்கத் தூதராக அதே நாட்டுக்குத் திரும்பி வந்தார்.

சம்பளத்துக்காக வருகிற கூட்டம் 1990-களில்தான் தொடங்குகிறது. அதிபர் கிம் யோங்-சாம் உலகமயமாக்கலைத் தேசியக் கொள்கையாக அறிவித்தார். அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை வரவழைக்கும் எபிக் திட்டம் 1990-களின் நடுவில் பிறந்தது. 1997-இல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயமானது. கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் அரைமணி நேரத்துக்கு நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. இவ்வளவு பெரிய பரபரப்பில் லாபம் பார்த்தவை ஹக்வோன் என்ற தனிப்பயிற்சிப் பள்ளிகள். ஒரே கட்டடத்தில் கீழே பல் மருத்துவமனை, நடுவில் கணக்கு ஹக்வோன், மேலே ஆங்கில ஹக்வோன் என்று எந்தப் புறநகரிலும் பார்க்கலாம். வெளிநாட்டு ஆசிரியர்களில் பெரும்பகுதி இவற்றில்தான் வேலை செய்தது.

விளம்பரத்தில் இருந்த 21 லட்சத்தை மட்டும் பார்த்தால் இந்த வேலையின் கணக்கு புரியாது. சம்பளத்துக்கு வெளியே இருந்தவைதான் அதன் சாரம். முதலாவது வீடு. சியோலில் ஒற்றை அறை வாடகைக்கு எடுக்கவேண்டுமானால் ஒரு கோடி வொன் அளவுக்கு முன்பணம் கேட்பார்கள். அதற்கு மேல் மாத வாடகை. பட்டம் வாங்கிய மறுமாதம் வந்திறங்குகிற 23 வயதுக்காரரிடம் அந்தத் தொகை எங்கே இருக்கும்? பள்ளியே அறை பிடித்து, முன்பணமும் கட்டி, சாவியைக் கையில் கொடுத்தது. இரண்டாவது விமானச் சீட்டு. மூன்றாவது, ஓராண்டு முடித்தால் சட்டப்படி கிடைக்கும் ஒரு மாதச் சம்பள அளவிலான பணிமுடிவுத் தொகை. நான்காவது ஓய்வூதிய நிதி: 2025 வரை, சம்பளத்தில் 4.5 விழுக்காடு ஆசிரியரிடமிருந்து, அதே அளவு முதலாளியிடமிருந்து.

இந்த நான்காவதில் ஒரு சூட்சுமம் உண்டு. சமூகக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் இதற்கு இடமுள்ள நாட்டவர் ஊர் திரும்பும்போது இரண்டு பங்கையும் மொத்தமாகத் திரும்பப் பெறலாம். அமெரிக்கர், கனடியர், ஆஸ்திரேலியருக்கு இது உண்டு. பிரிட்டிஷ்காரருக்குக் கிடையாது, கட்டியது கட்டியதுதான். தென்னாப்பிரிக்கர் கட்டவே வேண்டியதில்லை, ஆகவே திரும்ப வாங்கவும் ஒன்றுமில்லை. வரியிலும் இப்படியே. அரசுப் பள்ளியில் சேரும் அமெரிக்கர், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி, உரிய சான்றிதழ் காட்டினால் இரண்டாண்டுகள் கொரிய வருமான வரி கட்ட வேண்டியதில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் கனடியர் கட்டவேண்டும். ஊரிலுள்ள கடனும் கணக்கில் சேரும். அமெரிக்கர் வருமானத்தை ஒட்டிய தவணைத் திட்டத்தில் இருந்தால், வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை அந்நாட்டு வரிச் சட்டம் ஓர் உச்சவரம்பு வரை விலக்கிவிடுவதால் (2024-இல் 1,26,500 டாலர்), மாதத் தவணை பூஜ்யமாகக்கூட வரலாம். வட்டி வளர்வது வேறு கதை. பிரிட்டிஷ்காரருக்கோ அவர் வசிக்கும் நாட்டின் விலைவாசியைப் பார்த்துத் தனி வரம்பு வைத்துப் பணம் கேட்கிறார்கள். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே 21 லட்சம். ஆனால் ஆண்டு முடிவில் கையில் நிற்பது பாஸ்போர்ட்டுக்குத் தக்கபடி மாறும்.

இன்றைய மாதக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சம்பளம் 23 லட்சம் வொன் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதிய நிதி, மருத்துவக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு, வரி எல்லாம் பிடித்தபின் கைக்கு வருவது 20 லட்சத்துச் சொச்சம். வாடகை இல்லை, ஆனால் கட்டடப் பராமரிப்புக் கட்டணம் உண்டு; சூடேற்றும் எரிவாயு, கைபேசி, இணையம் சேர்த்து இரண்டு லட்சம். குளிர்காலத்தில் தரையைச் சூடேற்றும் ஒண்டோலுக்கு வரும் எரிவாயு பில் புதிதாக வந்தவரைத் திடுக்கிட வைக்கும். சாப்பாட்டுக்கு ஐந்தரை லட்சம். இது வீட்டில் சமைப்பவர் கணக்கு. சியோல் சுரங்க ரயிலின் அடிப்படைக் கட்டணம் 2025-இல் 1550 வொன் ஆகிவிட்டது. போக்குவரத்து, துணிமணி, வெள்ளிக்கிழமை இரவு எல்லாவற்றுக்கும் நான்கு லட்சம் ஒதுக்கினால் மிஞ்சுவது எட்டரை, ஒன்பது லட்சம். மோசமில்லை, முன்பு மிஞ்சியதும் பத்து லட்சத்தையொட்டித்தானே என்று தோன்றும்.

அந்தப் பத்து லட்சம் 2007 இலையுதிர் காலத்தில் ஆயிரம் டாலருக்கு மேல். அப்போது ஒரு டாலருக்கு 900 வொன்னைச் சுற்றித்தான் இருந்தது. 2024 முடிவில் டாலர் 1470 வொன்னைத் தொட்டபோது ஒன்பது லட்சம் வொன் 610 டாலருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். டாலரின் மதிப்பும் இடையில் தேய்ந்திருக்கிறது என்பதைச் சேர்த்தால் மிச்சம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

நாணயம் இந்தத் தொழிலை உலுக்கியது இது முதல்முறையல்ல. 1997-இன் நடுவில் டாலருக்கு 900-க்கும் குறைவாக இருந்த வொன் அந்த ஆண்டு டிசம்பரில் 2000-ஐ நெருங்கிச் சரிந்தது. கொரியச் சம்பளத்தை நம்பிக் கனடாவில் கடன் கட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரே குளிர்காலத்தில் சம்பளம் பாதியானது போல. 2008 முடிவில் 1500-ஐத் தொட்டு மறுபடி அதே கதை. இரண்டு முறையும் பெற்றோர் பயிற்சிச் செலவைக் குறைத்தார்கள், சில பள்ளிகள் சம்பளத்தைத் தள்ளிப்போட்டன, சில மூடின. சம்பளம் வந்த அன்று இரவே பெட்டியைக் கட்டிக்கொண்டு விமான நிலையம் போய்விடும் பழக்கத்துக்கு ஆசிரியர்கள் ‘மிட்நைட் ரன்’ என்று பெயரே வைத்திருந்தார்கள். முதலாளிகள் பக்கமும் சளைத்ததல்ல. பணிமுடிவுத் தொகை ஓராண்டு முடிந்தால்தான் சேரும் என்பதால், பதினோராம் மாதம் ஏதாவது காரணம் சொல்லி வேலையை விட்டு அனுப்புவது சில இடங்களில் வழக்கமாகவே இருந்தது. சிலர் ஆசிரியரைத் தனி ஒப்பந்தக்காரர் என்று எழுதிக் காட்டி, ஓய்வூதிய நிதியில் தம் பங்கைக் கட்டாமல் தப்பித்தார்கள்.

டாலரைக் காட்டிலும் கூர்மையான அளவுகோல் கொரியாவுக்குள்ளேயே இருக்கிறது. அது குறைந்தபட்சக் கூலி. 2010-இல் அது மணிக்கு 4110 வொன். வாரவிடுப்புக்கான கூலியையும் சேர்த்துச் சட்டம் கணக்கிடும் 209 மணி நேர மாதத்துக்கு 8,58,990 வொன். அன்று 21 லட்சம் வாங்கிய ஆங்கில ஆசிரியர், கடையில் பில் போடுகிற கொரிய இளைஞரைப் போல் இரண்டரை மடங்கு சம்பாதித்தார். 2018-இல் மூன் ஜே-இன் அரசு கூலியை ஒரே ஆண்டில் 16 விழுக்காடு உயர்த்தி 7530 ஆக்கியது. 2025-இல் 10,030. மாதத்துக்கு 20,96,270 வொன். அதாவது 2010-இன் ஆங்கில ஆசிரியர் வாங்கிய சம்பளம் 2025-இல் நாட்டின் மிகக் குறைந்த கூலி.

இதை வைத்து, ஆங்கில ஆசிரியர் கடைப் பணியாளரின் நிலைக்கு இறங்கிவிட்டார் என்று சொன்னால் அது நியாயமில்லை. ஆசிரியரின் ஒப்பந்தம் வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பைச் சுற்றியது. பாடத் தயாரிப்பும் மதிப்பீட்டுத் தாள்களும் அதற்கு வெளியே என்றாலும், கடையில் எட்டு மணி நேரம் நிற்பதோடு அதை ஒப்பிட முடியாது. வீட்டு வாடகையையும் சம்பளமாகக் கணக்கிட வேண்டும். 2010-இல் வீட்டுக்கு நான்கு லட்சம் சேர்த்தால் ஆசிரியரின் மொத்தம் 25 லட்சம், குறைந்தபட்சக் கூலியின் ஏறத்தாழ மூன்று மடங்கு. இன்று ஆறு லட்சம் சேர்த்தால் 29 லட்சம், ஒன்றரை மடங்கை எட்டவில்லை. இறங்கியது ஆசிரியரின் வாழ்க்கையைவிட அவருக்கும் மற்றவர்களுக்கும் இருந்த இடைவெளி. கொரியத் தொழிலாளியின் கோணத்திலிருந்து பார்த்தால் இதில் வருந்த எதுவுமில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஆனாலும் முதலில் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. பெற்றோர் கொடுக்கும் பணம் கூடுகிறது. அது ஆசிரியரிடம் ஏன் வரவில்லை? பிறப்பு குறைவதைப் பலர் காரணம் காட்டுகிறார்கள். 2015-இல் 4,38,000 குழந்தைகள் பிறந்த நாட்டில் 2023-இல் பிறந்தவை 2,30,000. பள்ளி நடத்துபவருக்கு அது உண்மையான பயம். அரசும் கைவாங்கியது, 2010-களின் தொடக்கத்தில் சியோலின் கல்வி அலுவலகம் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வெளிநாட்டு ஆசிரியர் பணியிடங்களை எடுத்துவிட்டது. ஆயினும் சம்பளம் உறைந்தது இந்தச் சரிவுக்கு முன்பே. என் பார்வையில் விடை விசாவில் இருக்கிறது.

இ-2 எனப்படும் மொழிப் பயிற்சி விசா ஆங்கிலத்துக்கென்று ஏழு நாட்டவருக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஏதாவதொரு பாடத்தில் இளநிலைப் பட்டம் போதும். கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹக்வோனில் சட்டம் கேட்பதில்லை. விசா குறிப்பிட்ட முதலாளியோடு பிணைக்கப்பட்டது; ஆண்டின் நடுவில் வேறு பள்ளிக்கு மாற நினைத்தால் பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் தேவைப்படும். சம்பளம் போதவில்லை என்றால் எழுந்து எதிர்க் கட்டடத்துக்குப் போய்விடக்கூடிய கணக்கு ஆசிரியருக்கு இருக்கும் பேரம் பேசும் பலம் இவருக்கு இல்லை. அனுபவத்துக்கும் விலை இல்லை. ஐந்தாண்டு கற்பித்தவர் கூடுதலாகக் கேட்டால், அடுத்த வசந்தத்தில் பட்டம் பெறும் ஒருவரைப் புகைப்படத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். புகைப்படம் என்பது சும்மா சொல்லவில்லை. விண்ணப்பத்தோடு அது கட்டாயம் கேட்கப்பட்டது. கனடாவில் பிறந்து வளர்ந்த கொரிய வம்சாவளி ஆசிரியர், முகம் பொருந்தவில்லை என்பதால் குறைந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொள்ள நேர்ந்தது. பெற்றோர் வாங்குவது ஆங்கிலத்தோடு ஒரு தோற்றத்தையும் சேர்த்துத்தான் என்பது பள்ளி நடத்துபவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு சுமையும் இருந்தது. 2007 முதல் இ-2 ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி., போதைமருந்துப் பரிசோதனைகள் கட்டாயமாயின. அதே வகுப்பில் கற்பிக்கும் கொரியருக்கு அவை இல்லை. மறு பரிசோதனைக்கு மறுத்து வேலையை இழந்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவரின் முறையீட்டை ஏற்று, ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2015-இல் கொரியாவுக்கு எதிராக முடிவு சொன்னது. எச்.ஐ.வி. பரிசோதனை 2017-இல் கைவிடப்பட்டது. சம்பளப் பேச்சோடு இதற்கு நேரடித் தொடர்பில்லைதான். ஆனால் ஆண்டுதோறும் போய்விடப்போகிறவர் என்று கருதப்படும் ஒருவரை ஒரு நாடு எப்படி நடத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைக்காது.

தனியாள், 25 வயது, கடன் கொஞ்சம், ஓராண்டு, இரண்டாண்டு. இந்த அளவுக்குத் தைத்த சட்டை இந்த வேலை. 35 வயதில் மனைவியோடும் குழந்தையோடும் அந்த ஒற்றை அறையில் இருக்க முடியாது. பெரிய வீட்டுக்கு முன்பணம் இல்லை. குழந்தையை வெளிநாட்டவர் பள்ளியில் சேர்க்கும் கட்டணமோ ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்தையே விழுங்கிவிடும். தங்கிவிட்டவர்கள் பெரும்பாலும் வேறு வழியில் தங்கினார்கள். கொரியரை மணந்து குடும்ப விசா பெற்றவர்கள், முதுநிலைப் பட்டம் வாங்கிப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள், ஆசிரியர் உரிமம் பெற்றுச் சர்வதேசப் பள்ளிக்கு நகர்ந்தவர்கள். சம்பள உயர்வு கேட்டு வாங்கித் தங்கியவர் என்று ஒருவரைக் காட்டுவது கடினம்.

ஏழு நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை, பிலிப்பைன்ஸ் இல்லை. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் தொலைபேசியிலும் திரையிலும் கொரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறார்கள். குரலுக்கு அனுமதி உண்டு, ஆளுக்கு இல்லை. இந்தியருக்கு மட்டும் ஒரு சிறு வாசல் திறந்தது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய விரிவான பொருளாதார ஒப்பந்தம் ஹூண்டாய்க்கும் இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள உதிரிபாக ஆலைகளுக்கும் வரிச்சலுகை தந்ததைத் தமிழ்நாட்டில் பலரும் அறிவார்கள். அதே ஒப்பந்தத்தின்படி இந்தியர் கொரியப் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராகலாம். நிபந்தனை: பட்டத்தோடு ஆங்கிலத்தில் ஆசிரியர் தகுதிச் சான்றிதழும் வேண்டும். ஒஹாயோவில் கடல் உயிரியல் படித்தவரிடம் ஹக்வோன் கேட்காத சான்றிதழ் அது.

கொரியாவில் இன்று சம்பாதிக்கும் தமிழர்களில் இன்னொரு பகுதியினர் இலங்கையிலிருந்து வருகிறார்கள். 2004-இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் ஆள் அனுப்பத் தொடக்கத்திலேயே தேர்வான ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. இவர்களுக்கு இ-9 விசா. வார்ப்பு ஆலைகளிலும் பண்ணைகளிலும் மீன்பிடியிலும் வேலை. விண்ணப்பிக்கவே கொரிய மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஆங்கில ஆசிரியருக்கு அப்படித் தேர்வு எதுவும் கிடையாது. இவர்களும் முதலாளியோடு பிணைக்கப்பட்டவர்கள், நான்கு ஆண்டு பத்து மாதத்தில் ஊர் திரும்ப வேண்டியவர்கள், தங்குமிடத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம் தருகிறவர்கள். ஆனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்பதால் ஒவ்வொரு ஜனவரியிலும் சம்பளம் தானாக ஏறுகிறது. 2025-இன் கூலியில் மாதம் 40 மணி நேரம் கூடுதல் வேலை, ஒன்றரைப் பங்கு வீதத்தில் செய்தால், மொத்தம் 27 லட்சம் வொன். சியோலின் தாராளமான ஹக்வோன் தன் விளம்பரத்தில் போடும் தொகையும் அதுதான்.